உஷார்! வரப்புச் சண்டை நெஞ்சைப் பிடிக்கும்

மேட்டூர் அணை திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்தால் கூடவே பங்காளிச் சண்டையும் வந்துவிடும். உஷாரா இருங்க! மடையை யார் முதலில் திறப்பது என்ற தகராறு அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதை வருஷக்கணக்கில் மனசுக்குள் போட்டு அரைப்பதுதான் ஆளைச் சாய்க்கிறது.

அம்மாப்பேட்டைப் பக்கம் ஒருவர். தம்பி வரப்பை ஒரு முழம் வெட்டிவிட்டான் என்று பேச்சை நிறுத்தினார். தம்பி மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. தினமும் டீக்கடையில் அதே கதை. சொல்லும்போதே கழுத்து நரம்பு புடைக்கும், கையில் கிளாஸ் ஆடும். “விடுங்கண்ணே” என்றால், “நான் செத்தாலும் அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது” என்பார். ஒருநாள் நாற்றங்காலில் வாய்த்தகராறு முற்றியது. வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தவருக்கு நெஞ்சடைப்பு. 108 வண்டியில் கூடவே ஏறிப் போனது அந்தத் தம்பிதான். ஆள் பிழைத்துக்கொண்டார். சண்டைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சர்க்கரையும் பீடியும் முன்னமே உள்ளே வேலை பார்த்திருந்தன.

ஆனால் கோபம் சும்மா இருக்காது. அட்ரினலின், கார்ட்டிசால் இரண்டும் சுரக்கும். ரத்தக் குழாய் இறுகும், பிரஷர் எகிறும், சர்க்கரையும் ஏறும். ஆத்திரத்தில் கத்திய இரண்டு மணி நேரத்துக்குள் மாரடைப்பு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று 1995-லேயே அமெரிக்க ஆய்வு சொன்னது. பழசை நினைத்தாலே போதும்! 2001-ல் ஷார்லட் விட்வ்லியட் குழுவினர் சோதித்தார்கள்: தனக்குத் தீங்கு செய்தவரை வன்மத்தோடு நினைத்தபோது இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின, மன்னிப்பதாக நினைத்தபோது அந்த ஏற்றம் குறைவு.

புருஷன் பொண்டாட்டிக்கும் இதே கதைதான். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 42 தம்பதிகளின் கையில் சின்னக் கொப்புளம் உண்டாக்கிப் பார்த்தார்கள். வெடுவெடுவென்று பேசிக்கொண்ட ஜோடிகளுக்குப் புண் ஆறிய வேகம், இணக்கமான ஜோடிகளைவிட 40 சதவீதம் குறைவு. அவர்கள் நல்ல ஆரோக்கியசாலிகள். சேற்றில் நிற்கும் சர்க்கரைக்காரரின் கால் புண்ணை நினைச்சுப் பாருங்க!

இதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்க. சண்டை போட்டவர் பேரைக் கேட்டாலே படபடப்பு. ராத்திரி விழிப்பு வந்து, மனசுக்குள் மறுபடி சண்டை. மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர். நெஞ்சை அழுத்தி, இடது கையோ தாடையோ வலித்து, குப்பென்று வியர்த்தால் வாயு என்று சோடா குடிக்காதீங்க! உடனே 108.

வன்மத்தை இறக்கி வைக்க மன்னிச்சுவிடுங்க. மன்னிப்பது என்றால் நிலத்தை விட்டுக்கொடுப்பது இல்லை. சர்வேயரை வைத்து அளந்து கல் நடுங்க. அப்புறம் டீக்கடையில் அந்தக் கதையை எடுக்காதீங்க.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது தாயீ. அடிக்கிற புருஷனை “மன்னிச்சு விடும்மா” என்று பெரியவங்களே சொல்வாங்க. கேட்காதீங்க! புதுத் தம்பதிகளை நாலு வருஷம் கவனித்த ஜேம்ஸ் மெக்நல்ட்டியின் ஆய்வில், சட்டென்று மன்னித்துவிடுகிறவர்கள் மேல் துணையின் ஏச்சும் அடியும் குறையவே இல்லை. குடும்ப வன்முறைக்கு எதிராக 2005 சட்டம் இருக்கிறது. கை ஓங்கினால் 181-க்கு போன் போடுங்க.