சதுர அடிக்குள் எது அடக்கம்?

சொந்த வீடு கட்டும்போது, ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்று கான்ட்ராக்டர் சொன்னதும் மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிடுகிறோம். அந்தத் தொகையில் எது அடக்கம் என்று கேட்பதில்லை. தரைத்தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர், போர்வெல் எல்லாம் பெரும்பாலும் தனிக்கணக்கு. போர்டிகோவும் மாடிப்படியும் முழு அளவா, பாதி அளவா? மனக்கசப்பு தொடங்குவது இங்கேதான். கம்பி எந்த ரகம், டைல்ஸ் எத்தனை ரூபாய் வரை என்பதையும் எழுதி வாங்குங்கள்.

மின்விசிறி, விளக்கு எங்கே என்பதை கான்கிரீட் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். கூரைக்குள் போகும் பைப்புகளைக் கம்பி கட்டும்போதே பதித்தாக வேண்டும். ஏ.சி. வருமென்றால் தண்ணீர் வடியும் பைப்பையும் சொல்லிவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். தமிழ்நாட்டில் 2003-இல் வந்த சட்டப்படி எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதை அமைப்பது யார் பொறுப்பு என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பணத்தை அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசித் தவணை கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும், தப்பில்லை.