வலு

வலு என்பது உடலின் ஆற்றலைக் குறிக்க அன்றாடத் தமிழில் வழங்கும் பெயர்ச்சொல் ஆகும். பாரம் தூக்குதல், நெடுநேரம் உழைத்தல், நோயைத் தாங்குதல் ஆகியவற்றுக்கு உடலில் உள்ள ஆற்றலை இது சுட்டும். இப்பொருள் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் பொதுவானது. எனினும் இச்சொல்லின் பிற பயன்பாடுகள் இரு நாடுகளிலும் வேறுபடுகின்றன.

சொற்பிறப்பு

வலு என்பது "வல்" என்னும் அடியிலிருந்து பிறந்தது. வலிமை, வல்லமை, வல்லவன், வல்லினம் என்பனவும் இவ்வடியைச் சேர்ந்தவை. தமிழில் சொல்லுக்கு முதலில் வரும் வகரம் கன்னடத்தில் பெரும்பாலும் பகரமாக ஒலிக்கும். எனவே தமிழின் "வல்" அங்கே "பல்" என வழங்குகிறது.

இதே பொருள் தரும் "பலம்" வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. அவ்வடமொழிச் சொல்லே திராவிட மூலத்தைக் கொண்டது என மொழியியலாளர் தாமசு பரோ கருதினார். அதற்கு இந்தோ-ஐரோப்பிய மூலம் காட்டுவோரும் உளர்.

வலியும் வலுவும்

பழந்தமிழில் "வலி" என்பதும் வலிமையையே குறித்தது. திருக்குறளின் 48ஆம் அதிகாரமான வலியறிதல், செயலின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை, துணைவரின் வலிமை ஆகியவற்றை ஆராய்ந்து செயற்படுவதைப் பற்றியது. இன்றைய பேச்சில் வலி என்பது நோவையே குறிப்பதால், பழைய நூல்களைப் படிப்போர் பொருள் மயங்க இடமுண்டு. வலு என்னும் சொல்லில் நோவு என்ற பொருள் ஏறவில்லை.

பிற வழக்குகள்

யாழ்ப்பாணத் தமிழில் வலு என்பது "மிகவும்" என்னும் பொருளில் அடைமொழியாகவும் வரும். "வலு கெட்டிக்காரன்" என்றால் மிகவும் திறமையானவன் என்று பொருள். தமிழகத்திலும் இலங்கையிலும் வானிலைச் செய்திகளில் புயல் "வலுப்பெற்றது", "வலுவிழந்தது" என்று கூறப்படுகிறது. விரும்பாத ஒருவரைப் பணியவைத்தல் "வலுக்கட்டாயம்" எனப்படும்.

அறிவியலில்

இலங்கைப் பாடநூல்களில் ஓரலகு நேரத்தில் செய்யப்படும் வேலை வலு எனப்படும். தமிழகப் பாடநூல்கள் இதனைத் திறன் என்கின்றன. இதன் அலகு வாட் ஆகும். நீராவிப் பொறிகளின் ஆற்றலைக் குதிரையின் உழைப்போடு ஒப்பிட 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் பயன்படுத்திய அலகு குதிரைவலு எனப்படுகிறது. ஒரு குதிரைவலு ஏறத்தாழ 746 வாட் ஆகும். வேதியியலிலும் இலங்கையில் "வலுவளவு" எனப்படுவது தமிழகத்தில் "இணைதிறன்" ஆகும்.

ஆகவே, அறிவியல் நூலொன்றில் வலு என்னும் சொல்லைக் காணும் மாணவர், அந்நூல் எந்நாட்டு வழக்கைப் பின்பற்றுகிறது என்பதை அறிந்து பொருள் கொள்ளுதல் வேண்டும்.