அளாவு மரமும் அதன் கொள்ளளவும்: தெமோதரை வளைவை முன்வைத்து ஒரு விளக்கம்

எல்லவிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம், தெமோதரை நிலையத்தைக் கடந்ததும் குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே குடையப்பட்ட 42ஆம் இலக்கச் சுரங்கத்தின் வழியே செல்கின்றது. 1924இல் பதுளை வரை திறக்கப்பட்ட இப்பாதையில், வண்டி தான் வந்த வழியையே குறுக்கிடுகின்றது. எனினும் வட்டத்துள் சிக்குவதில்லை. ஒரு சுற்றுக்குள் பாதையின் மட்டம் தாழ்ந்துவிடுவதே காரணமாகும்.

கணினி வலையமைப்பில் இத்தகைய இறக்கம் இல்லை. ஈதர்நெட் முறையிற் செல்லும் தரவுச் சட்டகத்துக்கு ஆயுட்கணக்குக் கிடையாது. சுவிச் எனப்படும் ஆளிகள் வளையமாக இணைந்துவிடின், அனைவருக்குமென அனுப்பப்பட்ட ஒரு சட்டகம் ஓயாது சுழன்று பெருகும். விரைவில் வலையமைப்பே முடங்கும்.

அவ்வாறாயின் வளையத்தையே தவிர்த்தால் என்ன? ஊவா மலைகளை அறிந்தோர் அங்ஙனம் வினவார். பதுளைக்குப் புகையிரதப் பாதை ஒன்றே. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலால் மலையகப் பாதை சேதமுற்றபோது, வண்டிகளைத் திருப்பிவிட வேறு தண்டவாளம் இருக்கவில்லை. வலையமைப்பிலும் கம்பி அறும்; கருவி பழுதுறும். எனவே இரண்டாம் வழி வேண்டும். தேவைப்படும் வரை அது அடைபட்டிருத்தலும் வேண்டும்.

இவ்விரண்டையும் நிறைவேற்றுவதே ஸ்பானிங் ட்ரீ என வழங்கும் அளாவு மர நெறி. 1985இல் ரேடியா பேர்ல்மன் இதனை வகுத்தார். ஆளிகள் 2 செக்கனுக்கு ஒருமுறை அறிவிப்புகளைப் பரிமாறித் தம்முள் ஒன்றை வேராகத் தெரிந்துகொள்கின்றன. வளையத்தை உண்டாக்கும் துறைகளை அடைக்கின்றன. எஞ்சுவது மரவடிவம், அதில் எவ்விரு முனைகளுக்கும் இடையே ஒரு வழியே உண்டு. அவ்வழி அறுமாயின் அடைத்த துறை திறக்கும்.

இக்காவலுக்கும் எல்லைகள் உள என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. முதலாவது நீளம். நெறியின் இயல்பான கால அளவுகள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7 ஆளிகளுக்கு மேற்படாத அமைப்பைக் கருதியே குறிக்கப்பட்டவை. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ நிலையத்தில், இவ்வெல்லையை மீறி வளர்ந்திருந்த வலையமைப்பு நான்கு நாள் அளவில் நிலைகுலைந்தது. வைத்தியர்கள் கடதாசிக்கு மீள நேர்ந்தது.

இரண்டாவது மரங்களின் எண்ணிக்கை. ஒரே கம்பித் தொகுதியை வீலான் எனப்படும் மெய்நிகர் வலையமைப்புகளாகப் பகுக்கலாம். நியமப்படி 4,094 வரை இயலும். வீலான் ஒவ்வொன்றுக்கும் தனி மரம் வளர்க்கும் முறையில், சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 3560, 3750 வகை ஆளிகள் 128 மரங்களையே தாங்கும். 129ஆவது வீலானை உருவாக்கினால் அதுவும் இயங்கும். ஆனால் அவ்வாளியில் அதற்கு மரம் இராது. வளையம் அமைந்தால் அடைப்பாரில்லை. வேலை நடைபெறுவதனாலேயே குறை கண்ணிற் படாது போதல் இங்குள்ள பேரிடர்.

மூன்றாவது உழைப்புச் சுமை. 20 இணைப்புகள் ஒவ்வொன்றிலும் 100 வீலான்கள் செல்லின், ஆளி கணக்கில் வைக்கவேண்டிய தருக்கத் துறைகள் 2,000 ஆகும். 2 செக்கனுக்கு ஒன்றென அறிவிப்புகளைக் கணக்கிட்டால் செக்கனுக்கு 1,000 வரை எழும். சிறிய செயலி இதில் திணறி அறிவிப்பைத் தவறவிடின், அயல் ஆளி வழி அறுந்ததெனக் கருதி அடைத்த துறையைத் திறந்துவிடும். காவலே வளையத்தை வரவழைக்கும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. பன்மர நெறியில் பல வீலான்களை ஒரு மரத்தின்கீழ்த் தொகுக்கலாம். இரண்டு வழிகளே உள்ள இடத்தில் இரண்டு மரங்கள் போதும். ஓர் இணைப்புக்கு வேண்டாத வீலான்களை அதிலிருந்து நீக்குதலும் சுமையைக் குறைக்கும்.

கொள்ளளவு குறைந்த பழைய கருவிகள் பெரும்பாலும் வந்து சேருமிடம், பொருள்வளம் குன்றிய மருத்துவமனைகளும் கல்விக்கூடங்களுமே. இவ்வெல்லை முதலில் தாக்குவதும் அவர்களையே. ஆதலின் மலையகத்துக்கெனக் கருவி வாங்குவோரும் வழங்குவோரும், துறைகளை எண்ணுவதோடு அமையாது, அவை தாங்கும் மரங்களையும் எண்ணுதல் வேண்டும் என்பது நம் முடிபாகும்.