இடைவெளியே காட்டிக்கொடுத்த ராடார்

1976 ஜூலையில் உலகெங்கும் சிற்றலை வானொலி கேட்டவர்களின் காதுகளில் புதிதாக ஒரு 'டக் டக் டக்' விழுந்தது. செய்தி ஒலிபரப்பு, விமானத் தொடர்பு, 'ஹாம்' எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர்களின் உரையாடல் என எதையும் விடாமல் எல்லாவற்றின் மேலும் ஏறி ஒலித்தது. 7 முதல் 19 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஹாம்கள் அதற்கு 'ரஷ்ய மரங்கொத்தி' என்று பெயர் வைத்தார்கள்.

என்ன கருவி அது? சோவியத் அரசு சொல்லவில்லை. ஆனால் சத்தமே சொன்னது. அதன் துடிப்புகளை எண்ணியபோது நொடிக்குப் பத்து. கிணற்றுக்குள் குரல் கொடுத்தவர் எதிரொலிக்குக் காத்திருப்பதுபோல, ராடாரும் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு அது திரும்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். வானொலி அலை நொடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும்; பத்தில் ஒரு நொடியில் 30,000 கி.மீ. போகவும் வரவும் என்பதால் பாதி, அதாவது 15,000 கி.மீ. அவ்வளவு தொலைவு வரை பார்க்க நினைப்பவருக்குத்தான் இத்தனை நீண்ட இடைவெளி தேவை. எந்த ராணுவ ரகசியத்தையும் பூட்டி வைக்கலாம்; ஒலிபரப்பியபின் இந்த இடைவெளியைப் பூட்டி வைக்க முடியாது. இந்தத் துப்பறிதலில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

சத்தம் அலைவரிசையில் இடம் மாறியதற்கும் காரணம் உண்டு. சாதாரண ராடாரின் அலை நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவுக்கு அப்பால் இருப்பது அதற்குத் தெரியாது. சிற்றலையோ வானில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, தொடுவானத்தைத் தாண்டி இறங்கும். வெயிலுக்கும் இருளுக்கும் ஏற்ப அந்த மண்டலம் மாறுவதால், அலைவரிசையையும் மாற்றியே ஆக வேண்டும்.

திசை காட்டும் ஆன்டெனாக்களைக் கொண்டு வெவ்வேறு ஊர்களிலிருந்து கோடு போட்டார்கள். கோடுகள் சந்தித்த இடம் உக்ரைன். அங்கே இருந்தது 'டுகா' என்ற ராடார்; அமெரிக்க ஏவுகணை கிளம்பும்போதே கண்டுகொள்ளக் கட்டப்பட்டது. லியூபெச்சில் அலையை அனுப்பும் பகுதி; சுமார் 60 கி.மீ. தள்ளி செர்னோபில் அருகே எதிரொலியை வாங்கும் பகுதி. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால், தன் சொந்த இரைச்சலில் எதிரொலியே கேட்காது. எதிரொலியை வாங்கிய, ஏறத்தாழ 150 மீட்டர் உயர ஆன்டெனா இன்றும் நிற்கிறது.

1989 டிசம்பரில் டுகா ஓய்ந்தது. இன்று சிற்றலையில் அடிக்கடி உறுமும் ரஷ்யாவின் 'கன்டெய்னர்' ராடாரின் துடிப்பு நொடிக்கு 50. அதே கணக்கைப் போட்டால் கிடைப்பது 3,000 கி.மீ.