உங்களுக்குத் தெரியுமா? துடுப்புப் பிடித்த கைகள்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால், அந்தப் பக்கக் கையில் நீர் கோத்து வீங்கக்கூடும். அதற்குப் பயந்து, ‘கைக்குக் கடுமையான வேலை கொடுக்காதீர்கள்’ என்றே பெண்களிடம் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள்.

● 1996-இல் கனடாவின் வான்கூவரில், விளையாட்டு மருத்துவர் டான் மெக்கன்சி இந்த அச்சத்தைச் சோதித்துப் பார்த்தார். நோயிலிருந்து மீண்ட 24 பெண்களுக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, டிராகன் படகு எனும் நீண்ட துடுப்புப் படகில் ஏற்றினார். முரசின் தாளத்துக்கு எல்லாக் கைகளும் ஒன்றாகத் துடுப்பை நீரில் இறக்கி, வலித்து, எடுத்தன. அவர்களில் ஒருவருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. இன்று பல நாடுகளில் இத்தகைய படகுக் குழுக்கள் உண்டு.

● அமெரிக்காவில் கை வீக்கம் உள்ள 141 பெண்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், மெல்ல மெல்ல எடை கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. தொந்தரவுகள் குறைந்தன, கையில் வலுவும் ஏறியது.

● கைப் பயிற்சியின் ஆரம்பம் எளிமையானது: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஊர்வதுபோல் மேலே ஏற வேண்டும். நேற்று எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. இன்று அதற்கு ஒரு விரற்கடை மேலே!

அறுவைச் சிகிச்சை முடிந்த அம்மாவை, அக்காவை ‘சும்மா படுத்திரு’ என்று அன்பால் முடக்கிவிடாதீர்கள். மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் கேட்டு, அம்மாவின், அக்காவின் பக்கத்தில் நின்று கையை உயர்த்த உதவுங்கள்.