பொன்னா, பங்கா?

சென்ற திங்கள் என் அன்னையார் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, உன் படிப்புக்காக அடகு வைத்த சங்கிலியை மீட்டாயிற்று. அதை விற்றுப் பங்கு வாங்கச் சொல்கிறார் உன் மாமா. நீ என்ன சொல்கிறாய்?" இயற்பியல் பயிலும் எனக்கு உடனே விடை தோன்றவில்லை. விடுதி நண்பர்களோ இரு கட்சியாகப் பிரிந்து வழக்காடினர். ஆகவே கணக்குப் பார்க்கத் துணிந்தேன்.

இரண்டுக்கும் பணத்தில் விலை சொல்கிறோம். பணத்தின் மதிப்போ ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. தேயும் கோலால் அளந்தால் எல்லாமே வளர்வதாகத் தோன்றும். எனவே ஒன்றை மற்றொன்றால் அளப்பதே முறை. நெடுங்காலக் கணக்குள்ள அமெரிக்காவை எடுத்துக்கொண்டு, டௌ ஜோன்ஸ் பங்குக் குறியீட்டெண்ணை ஓர் அவுன்சுப் பொன்னின் டாலர் விலையால் வகுத்தேன்.

1929 செப்டம்பரில் ஈவு ஏறத்தாழ 18. பெருமந்தத்தில், 1932-இல், அது 2. 1966-இல் 28. அந்நாளில் பொன் விலை 35 டாலர் என்று கட்டுண்டிருந்தது. 1971-இல் அக்கட்டு அவிழ்ந்தது, விலைவாசி ஏறியது, மக்கள் பொன்னை நாடினர். 1980 சனவரியில் பொன் 850 டாலர்; குறியீட்டெண்ணும் ஏறக்குறைய அதுவே. ஈவு 1! பின்னர் வட்டி உயர்ந்து விலைவாசி அடங்கியது. 1999-இல் ஈவு 40-ஐத் தாண்டியது. 2011 செப்டம்பரில் மீண்டும் 6.

ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்பதும் விதியன்று. 2008 அக்டோபரில் இரண்டுமே சரிந்தன.

நண்பர்களே, வழக்கின் முடிச்சு தொடக்க ஆண்டில் இருக்கிறது. 1929-இன் உச்சத்தில் பங்கு வாங்கியவர் அக்குறியீட்டெண்ணை மீண்டும் காண 1954 வரை காத்திருந்தார். 1980-இன் உச்சத்தில் பொன் வாங்கியவர் அவ்விலையைக் காண 2008 வரை காத்திருந்தார். ஒரு வேறுபாடு உண்டு. பங்கு, விதைத்த நெல். இடையில் ஆதாயப் பங்கு தரும், வறட்சியில் பொய்க்கவும் செய்யும். பொன், குதிரில் இட்ட நெல்; இருக்கும், விளையாது. மேற்கண்ட ஈவில் அந்த ஆதாயம் சேரவில்லை.

அன்னையாருக்கு இவ்வாறு விடை சொன்னேன்: "தங்கைக்குத் திருமணம் பேசுகிறீர்கள். நமக்கு விரைவில் வேண்டியது பொன். ஆதலால் சங்கிலி இருக்கட்டும். நெடுநாள் தொடவேண்டாத பணம் என் ஊதியத்தில் மிஞ்சும்போது, மாமா சொன்ன வழியைப் பார்ப்போம்."

மாமாவும் இதற்கு உடன்பட்டார் என்று கேள்வி.