வேனின் பின்பக்கத்தை உயர்த்தினால் இலாபமா?

பொருள் விநியோகத்திற்கு வேனோ சிறிய லொறியோ வைத்திருக்கும் எமது வர்த்தகர்கள் மத்தியில் ஒரு பழக்கம் பரவலாகக் காணப்படுகின்றது. பாரம் ஏற்றியதும் வண்டி பின்னால் அமர்ந்துவிடுகிறது என்றால் ஸ்பிரிங்கிற்கு இரண்டு பட்டைகள் கூடுதலாகப் போடுவது, கையோடு ஒரு சைஸ் பெரிய டயரையும் மாட்டிவிடுவது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, மீண்டும் அனுமதிக்கப்பட ஏறத்தாழ ஐந்து வருடங்கள் சென்றன. அந்த இடைவெளியில் ஒரு வண்டியிடம் இரண்டு வண்டிகளின் வேலையை வாங்க வேண்டிய நிலை பலருக்கும் ஏற்பட்டது. "ஹாஜியார், இனி பத்து மூடை கூடவே ஏத்தலாம், வண்டி அசையாது" என்று கராஜில் சொன்னால் எந்த வியாபாரிக்குத்தான் பிடிக்காது?

நானும் இரண்டு விநியோக வண்டிகளை வைத்துத் தொழில் செய்பவன். ஆகவே இந்த மாற்றத்தின் கணக்கை வியாபாரியின் கணக்காகவே இங்கு பார்க்க விரும்புகிறேன்.

முதலில் டயரை எடுப்போம். டயரின் பக்கவாட்டில் 195/70R15 என்று இருந்தால், 195 என்பது அகலம், மில்லிமீற்றரில். 70 என்பது டயரின் பக்கச் சுவர் அந்த அகலத்தில் 70 சதவீத உயரம் கொண்டது என்பதைக் குறிக்கும். R என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதை வைத்து டயரின் முழு உயரத்தையும் நாமே கணக்கிடலாம். 15 அங்குலம் 381 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர்கள் 273. மொத்தம் 654 மில்லிமீற்றர். அதே ரிம்மிற்கு 215/75R15 போட்டால் உயரம் ஏறத்தாழ 703 ஆகிவிடும். வித்தியாசம் 7 சதவீதத்திற்கும் சற்று அதிகம். பொதுவாக 3 சதவீதத்திற்கு மேல் போகக் கூடாது என்பதே டயர் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் எல்லை.

இந்த 7 சதவீதம் எங்கே போய் இடிக்கிறது? பலசரக்கு மொத்த வியாபாரி ஒருவரை எனக்குத் தெரியும். தன்னிடம் பல வருடங்களாக வேலை செய்த சாரதி டீசல் திருடுகிறார் என்று முடிவு செய்து, அவரை நிறுத்திவிடும் நிலைக்கு வந்துவிட்டார். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடிய வண்டி, இப்போது 9.3தான் ஓடுகிறது என்பது அவரது புத்தகக் கணக்கு. "முதலாளி, நான் ஒரு சொட்டும் எடுக்கல்ல" என்று அந்தப் பையன் சொல்லியும் அவர் நம்பவில்லை. கண்டி வீதியில் கிலோமீற்றர் கற்களைப் பார்த்து ஓட்டிப் பாருங்கள் என்று சொன்னேன். 10 கிலோமீற்றர் தூரத்திற்கு மீற்றர் காட்டியது 9.3. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி அதிக தூரம் போகும். மீற்றரோ சுற்றை மட்டுமே எண்ணும். ஓடிய தூரத்தில் ஒரு பகுதி புத்தகத்தில் ஏறவே இல்லை. டயர் மாற்றிய திகதியையும் கணக்கு குறையத் தொடங்கிய திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பின்னர்தான் அவர் மனம் ஆறியது. ஒரு மனிதனின் சோறும் பெயரும் ஒரு டயர் சைஸில் தொங்கிக்கொண்டிருந்தன.

கூலிக்கு ஓடுபவர்கள் கிலோமீற்றர் கணக்கில் பணம் வாங்கினால் அதே அளவு நட்டம். 5,000 கிலோமீற்றருக்கு எண்ணெய் மாற்றுபவர் உண்மையில் 5,380 ஓடிய பிறகே மாற்றுகிறார். மீற்றரில் 60 என்று காட்டும்போது வண்டி 64க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். சில்லு பெரிதாவதால் இழுவையும் அதே விகிதத்தில் குறையும். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கிப் போட வேண்டிவரும். பிரேக்கின் பிடியும் அவ்வாறே குறையும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

டயர் வாங்கும்போது அளவை விட முக்கியமான இன்னொரு இலக்கம் இருக்கிறது. அதுதான் பாரச் சுட்டி. கார்களுக்கு வரும் 195/65R15 டயரில் 91 என்று இருக்கும். ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். வேன்களுக்கு வரும் 195/70R15C டயரில் 104/102 என்று இருக்கும். ஒற்றைச் சில்லாகப் பூட்டினால் 900 கிலோ, இரட்டைச் சில்லாகப் பூட்டினால் ஒவ்வொன்றும் 850 கிலோ. கடைசியில் உள்ள C என்ற எழுத்து இது வர்த்தக வாகன டயர் என்பதைக் காட்டுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விலையில் மலிவாக இருக்கிறதே என்று கார் டயரைப் பின்னால் பூட்டினால், இரண்டு டயர்களிலும் சேர்த்து 570 கிலோ தாங்கும் சக்தியை இழக்கிறீர்கள். 50 கிலோ அரிசி மூடையில் அது 11 மூடை.

இனி ஸ்பிரிங்கிற்கு வருவோம். பின்பக்கத்தை உயர்த்தும் மோகம் உண்மையில் அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் பெரிய எஞ்சின் கார்களோடு வளர்ந்தது. 1964இல் வந்த பொன்டியாக் ஜீ.டி.ஓ. போன்ற கார்களின் பின்பக்கத்தை நீளமான ஷக்கிள் போட்டும், காற்றடைத்த ஷொக் எப்சோபர் போட்டும் இளைஞர்கள் உயர்த்தினார்கள். பின்னால் அகலமான டயரை நுழைக்க இடம் வேண்டும், தோற்றமும் வேண்டும். அதற்கும் ஒரு விலை இருந்தது. பின்பக்கம் உயர்ந்து மூக்கு தாழ்ந்தால் முன்சில்லின் சாய்வுக் கோணம் குறையும், ஸ்டியரிங் தானாக நேராக வருவது குறையும், வேகத்தில் கார் அலையும். இருந்தாலும் அது பொழுதுபோக்குக் கார். நமது வண்டியோ தினமும் பாரத்தோடு மலை இறங்க வேண்டியது.

நான்கு பட்டைகள் உள்ள ஸ்பிரிங்கில் அதே தடிப்பில் இன்னும் இரண்டைச் சேர்த்தால் அதன் கடினம் ஒன்றரை மடங்காகும். 8 மில்லிமீற்றர் பட்டைக்குப் பதிலாக 10 மில்லிமீற்றர் பட்டை போட்டால், அந்தப் பட்டை மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு கடினமாகிவிடும். வண்டி அமராது, உண்மைதான். ஆனால் அச்சு, சில்லு பெயாரிங், செசி, பிரேக் ஆகியவை பழையபடியே இருக்கின்றன. ஸ்பிரிங் தாங்குகிறது என்பதற்காக அவை தாங்கப் போவதில்லை. வெறுமையாகத் திரும்பும்போது பின்பக்கம் துள்ளும், மழை ரோட்டில் சறுக்கும். முட்டை, போத்தல் ஏற்றுபவர்களுக்கு உடைவுக் கணக்கும் கூடும்.

இதைவிடப் பாரதூரமான விடயம் ஒன்று உண்டு. பல வேன்களிலும் பிக்கப் வண்டிகளிலும் பின் அச்சுக்கும் செசிக்கும் இடையில் ஒரு கம்பியோடு இணைந்த சிறிய வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு அமர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு பாரத்தை அறிந்து, பின் பிரேக்கிற்கு எவ்வளவு அழுத்தம் விடுவது என்பதை அது தீர்மானிக்கிறது. பட்டை கூட்டினால் பாரம் ஏற்றியும் வண்டி அமராது. வண்டி வெறுமையாக இருக்கிறது என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். 40 மூடையோடு கடுகண்ணாவை இறங்கும்போது முன் பிரேக்கே எல்லாவற்றையும் சுமக்கும், சூடேறும், பிடி விடும். இந்த வால்வைக் கம்பியால் கட்டிவிடும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வெறும் வண்டியில் பின்சில்லு பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். ஸ்பிரிங்கில் கைவைத்தால் அந்தக் கம்பியை உற்பத்தியாளரின் அளவுப்படி மீளச் சரிசெய்து தரும்படி கேளுங்கள். அந்த வேலை தெரியாத கராஜில் ஸ்பிரிங் வேலையையும் கொடுக்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம்.

அமரும் வண்டிக்கு உண்மையில் என்ன செய்வது? சமதரையில் வெறுமையாக நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைவாக இருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை களைத்துவிட்டது அல்லது உடைந்துவிட்டது. அதே ரகத்தின் அசல் செட்டைப் போட்டால் பெரும்பாலும் போதும். பஞ்சிகாவத்தையில் பாவித்த செட் வாங்குவதாயின் பட்டைகளை எண்ணி, தடிப்பையும் அளந்து வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்து, பாரத்தில் மட்டும் அமருகிறது என்றால் பதிவுப் புத்தகத்தில் உள்ள நிறையைப் பாருங்கள். நீங்கள் ஏற்றுவது அதற்கு மேலாயின் அது ஸ்பிரிங்கின் குறையல்ல. காப்புறுதிப் பத்திரத்தில் அதிக பாரம் பற்றியும் அறிவிக்காமல் செய்த மாற்றங்கள் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். நம்மில் பலர் அதை மடித்து வைத்ததோடு சரி.

டயர் கடைக்குப் போனால் இன்னொன்றையும் பாருங்கள். பக்கவாட்டில் DOT என்பதைத் தொடர்ந்து வரும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3218 என்றால் 2018ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்தது. புதிய டயர் என்று பளபளப்பாகத் தந்தாலும் அந்த இலக்கத்தைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.